பரணில் கிடந்த கம்ப்யூட்டர் வீட்டுச் சர்வர் ஆன கதை

நேற்று ராத்திரி எட்டே முக்காலுக்குக் கரண்ட் போய், பத்து மணிக்கு மேல்தான் வந்தது. வீட்டு ஃபைல்களையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து மற்ற கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கும் சர்வர் மாடி ரூமில் இருக்கிறது, அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. காலையில் ஆறு மணிக்கு எழுந்து வந்தால், அப்பா காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 2014-இல் அடித்த காதணி விழாப் பத்திரிகை ஒன்றைத் திறந்து பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஃபைல் மாடியிலிருந்து வந்திருக்கிறது. யாரும் ஸ்விட்ச் தொடாமல், யாரும் என்னைக் கூப்பிடாமல் இது நடப்பதற்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குச் சிவகாசி. அப்பா இருபது வருடத்துக்கு மேல் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், ஆடி 18-க்கு வெளியாகும் காலண்டர் ஆல்பத்துக்கு மேட்டர் அடிப்பது, எல்லாம் உண்டு. கடையை மூடிவிட்டாலும் வேலை நிற்கவில்லை. "மூத்தவளுக்கு அடிச்ச அதே டிசைன்ல சின்னவளுக்கும் வேணும்ணே" என்று இன்னமும் வீட்டுக்கு வருகிறார்கள். அந்தப் பழைய ஃபைல்கள் கடை கம்ப்யூட்டரில் பாதி, இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பாதி, பென் டிரைவ்களில் கொஞ்சம், சிடிகளில் மீதி என்று கிடந்தன. பங்குனியில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்து இரண்டே நாளில் நின்றுவிட்டது. மதுரையில் ஒரு கடையில் மீட்டுத் தர 18,000 கேட்டார்கள், உத்தரவாதமும் இல்லை என்றார்கள். அப்பா "விடுப்பா" என்றார். ஆனால் அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரமே பரணில் இருந்த கடை கம்ப்யூட்டரை இறக்கினேன். 2011-இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி டிஸ்க். வீட்டில் ஃபைல் கொடுக்க, வாங்க இதற்கு மேல் தேவையில்லை.

மூடியைக் கழற்றினால் உள்ளே பேப்பர் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. ஒரு இன்ச் பெயிண்ட் பிரஷ்ஷால் முதலில் தட்டி எடுத்துவிட்டு, பக்கத்து மெக்கானிக்கிடம் புளோயர் வாங்கி ஊதினேன். ஊதும்போது ஃபேன் றெக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். பிராசஸர் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு வைத்து, கூலரை மாட்டினேன். இங்கே முதல் தப்பு. அந்தக் கூலருக்கு நாலு பிளாஸ்டிக் கால்கள், நாலும் 'டக்' என்று உட்கார வேண்டும். ஒன்று உட்காராமலே விட்டிருக்கிறேன். சும்மா இருக்கும்போதே சூடு 80 டிகிரியைத் தாண்டியது. போர்டை வெளியே எடுத்து, பின்பக்கம் நாலு காலும் சமமாக வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டியபிறகு 42-இல் நின்றது. போர்டை வெளியே எடுக்காமல் அந்தக் காலை மாட்ட முயல வேண்டாம்.

அடுத்து டிஸ்க். பழைய 500 ஜிபியை அப்படியே பயன்படுத்தலாம் என்றுதான் நினைத்திருந்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததும் மனசு மாறியது. ஓடிய நேரம் 31,000 மணிக்கு மேல். அது பெரிதில்லை. 197-ஆம் வரியில், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர் என்று காட்டும் இடத்தில், 24 என்று இருந்தது. மறுநாள் பார்த்தால் 32. அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை நம்ப முடியாது. அதிலிருந்த எல்லாவற்றையும் அன்றே வேறிடத்துக்குக் காப்பி போட்டுவிட்டு டிஸ்க்கை ஓரமாக வைத்தேன்.

4 டிபி டிஸ்க் இரண்டு, சிஸ்டத்துக்குத் தனியாக 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். கடைக்காரரிடம், டேட்டா எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் டிஸ்க்காகக் கேட்டு வாங்கினேன். தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் எஸ்எம்ஆர் வகை, நிறைய எழுதும்போது பாதி வழியில் மூச்சு வாங்கும். மாட்டி நாலு நாளில் ஒரு புது டிஸ்க்கின் ரிப்போர்ட்டில் 199-ஆம் வரி, அதாவது டேட்டா போய் வரும் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை, ஏற ஆரம்பித்ததும் பயந்துவிட்டேன். அந்த எண் பெரும்பாலும் டிஸ்க்கைப் பற்றியதல்ல, கேபிளைப் பற்றியது. பெட்டிக்குள் கிடந்த பழைய சாட்டா கேபிளைத்தான் மாட்டியிருந்தேன். 80 ரூபாய்க்குப் புதுசு போட்டதும் 61-இல் நின்ற எண் இன்றுவரை 61-தான்.

சாஃப்ட்வேருக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. முதலில் ஃபைல் சர்வருக்கென்றே இருக்கும் ட்ரூநாஸ் போட்டுப் பார்த்தேன். அது குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும், என்னிடம் இருப்பது 4. ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டு, டெஸ்க்டாப் இல்லாத டெபியன் 12 லினக்ஸ், அதற்கு மேல் விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு ஃபைல் பகிரும் சாம்பா என்று போட்டேன். டிஸ்க்கைப் பிரிக்கும்போது பழைய பழக்கத்தில் எம்பிஆர் என்ற பழைய வகை அட்டவணை போட்டதால் 4 டிபியில் 2 டிபிதான் வந்தது. ஜிபிடி என்ற புது வகைக்கு மாற்றியதும் முழுசும் வந்தது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் அடித்தால் ரூட்டுக்கென்று, அதாவது நிர்வாகிக் கணக்குக்கென்று, 5 சதவீதம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய டிஸ்க்கில் அது கிட்டத்தட்ட 200 ஜிபி. டேட்டா மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு அது தேவையில்லை, பூஜ்யமாக்கிவிட்டேன்.

பிறகு காப்பி. 300 ஜிபி. வினாடிக்கு 11 எம்பி என்று காட்டியது. அப்படியே விட்டிருந்தால் ஏழரை மணி நேரம். 11 என்ற எண்ணைப் பார்த்தாலே 100 மெகாபிட் இணைப்பு என்று அர்த்தம் (எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி), கிகாபிட்டாக இருந்தால் 110 வரை போக வேண்டும். கேபிளில் எட்டு ஒயரும் சேர்ந்திருந்தால்தான் கிகாபிட். நான் பயன்படுத்தியது கேபிள் டிவி காலத்தில் யாரோ நாலு ஒயர் மட்டும் கிரிம்ப் பண்ணிக் கொடுத்தது. புது கேட்6 கேபிள் இரண்டு வாங்கிப் போட்டேன். அப்போதும் 11. இரண்டு நாள் சர்வரின் நெட்வொர்க் கார்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் நாலு போர்ட், அதில் ஒன்று மட்டும் ஜிஇ, அதாவது கிகாபிட், மற்ற மூன்றும் எஃப்இ. எஃப்இ என்றால் 100 மெகாபிட்தான். 1,250 ரூபாய்க்கு ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வாங்கி, எல்லாவற்றையும் அதில் செருகி, ஸ்விட்ச்சிலிருந்து ஒரு ஒயர் ரவுட்டரின் ஜிஇ போர்ட்டுக்குக் கொடுத்தேன். என் லேப்டாப்பிலிருந்து 108 வந்தது. கேபிள் வாங்கும் முன்பே ரவுட்டரின் பின்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அப்பாவின் பிசியில் சர்வரே தெரியவில்லை. அவருடையது பழைய விண்டோஸ் எக்ஸ்பி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் அதில்தான் இருக்கிறது, இருபது வருடக் கைப்பழக்கம் அதில்தான் இருக்கிறது, அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறைகளில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது பழைய எஸ்எம்பி1 ஒன்றுதான். சாம்பா 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதைத் தானாகவே மூடி வைத்திருக்கிறது, பாதுகாப்புக் குறைவு என்பதால். சாம்பா கான்ஃபிக்கில் இரண்டு வரி சேர்த்துத் திறந்தேன். திறந்ததோடு விடவில்லை. ரவுட்டரில் எக்ஸ்பிக்கு இன்டர்நெட்டை முழுசாக நிறுத்திவிட்டேன், சர்வரிலும் அதற்கு ஒரே ஒரு ஃபோல்டர்தான் தெரியும். இந்த ஏற்பாட்டில் எனக்குத் திருப்தி இல்லை. எக்ஸ்பியை வேறொரு கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவலாக ஓட வைத்து, எஸ்எம்பி1-ஐ மறுபடி மூட வேண்டும் என்பது பாக்கி வேலை.

ஃபைல் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் லேப்டாப்பில் இருந்த இன்னொரு பேஜ்மேக்கரில் ஒரு பத்திரிகையைத் திறந்து காட்டினேன். "திருமண அழைப்பிதழ்" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக ஒரு வரி. அப்பா குனிந்து பார்த்து, "ஃபான்ட் இல்லப்பா" என்றார். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடுக்கு முந்தைய வேலை எல்லாமே இப்படித்தான். தமிழ் எழுத்து ஃபைலில் இல்லை, ஆங்கில எழுத்தைத் தமிழ் வடிவத்தில் காட்டும் ஃபான்ட்டில் இருக்கிறது. ஃபான்ட் போனால் ஃபைல் பத்திரமாக இருந்தும் பிரயோஜனமில்லை. நான் டிஸ்க் டிஸ்க்காகப் பத்திரிகைகளைக் காப்பி போட்டேனே தவிர, எக்ஸ்பியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை நினைக்கவே இல்லை. அதில் 340 தமிழ் ஃபான்ட் இருந்தது. முதல் வேலையாக அதைச் சர்வரில் ஏற்றினேன்.

அதிலும் சில பத்திரிகைகள் கேட்ட ஃபான்ட் கிடைக்கவில்லை, செத்துப்போன எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்திருக்க வேண்டும். அப்பா பழைய பத்திரிகை சாம்பிள் ஆல்பத்தை எடுத்து வந்து, அச்சடித்த காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "இந்த ழ-வோட சுழி பாரு, உள்ள மடங்காது. இது ரெண்டாம் நம்பர் பென் டிரைவ்ல இருக்கும்" என்றார். இருந்தது. ஆறு ஃபான்ட்டில் நாலை அப்படி எழுத்தின் வடிவத்தை வைத்தே கண்டுபிடித்தார். இப்போது ஒவ்வொரு வருட ஃபோல்டருக்குள்ளும் 'எழுத்து' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அந்த வருட வேலைகளுக்கான ஃபான்ட் எல்லாம் அதில். டிடிபி வேலை பார்த்தவர்கள் வீட்டில் இதைச் செய்கிறவர்கள் முதலில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு போடவில்லை. கண்ணாடி மாதிரி இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதினால், அப்பா தெரியாமல் ஒரு பத்திரிகை மேல் இன்னொன்றை சேவ் பண்ணும்போது இரண்டிலும் போய்விடும். எங்கள் வீட்டில் நடப்பது அதுதான், டிஸ்க் சாவது எப்போதோ ஒருமுறை. அதனால் முதல் டிஸ்க்கில் வேலை, ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற காப்பி புரோகிராம் அதை இரண்டாவது டிஸ்க்குக்குக் காப்பி போடும். மாறிய ஃபைலின் பழைய பதிப்பும், அழித்த ஃபைலும் அந்தத் தேதி போட்ட ஃபோல்டருக்குப் போய்விடும். மூன்றாவது வாரமே இது உதவியது. ஒரு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையை அப்பா பழைய பெயரிலேயே சேவ் பண்ணிவிட்டார், முந்தின நாள் ஃபோல்டரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இனி கரண்ட் விஷயம். இதில்தான் இரண்டு மாதம் போனது.

முதலில் எஃப்எஸ்டேப், அதாவது எந்த டிஸ்க் எந்த இடத்தில் வர வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஃபைல். டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரில் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் ரீஸ்டார்ட் ஆனபோது பெயர்கள் இடம் மாறி, இரண்டாவது டிஸ்க் முதல் டிஸ்க்கின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நல்லவேளை, அன்று ராத்திரிக் காப்பி ஓடுவதற்கு முன் பார்த்துவிட்டேன். அன்றே எல்லாவற்றையும் யூயூஐடிக்கு, அதாவது ஒவ்வொன்றுக்கும் உள்ள மாறாத அடையாள எண்ணுக்கு, மாற்றினேன். அதற்கு அடுத்து, ஒரு யுஎஸ்பி டிஸ்க்கையும் அதே ஃபைலில் சேர்த்துவிட்டு, டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துவிட்டேன். கரண்ட் போய் வந்ததும் சர்வர் வரவில்லை. மானிட்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், இல்லாத டிஸ்க்குக்காகக் காத்திருந்து, எமர்ஜென்சி மோடில் ரூட் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கிறது. 'நோஃபெயில்' என்ற ஒரு சொல் அந்த வரியில் இருந்திருந்தால் அது பாட்டுக்கு எழுந்திருக்கும். சிஸ்டம் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லா வரியிலும் இப்போது அது இருக்கிறது.

கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆக பயாஸில், அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க புரோகிராமில், ஒரு செட்டிங் உண்டு. போட்டேன். சுவரில் ஸ்விட்ச்சை அணைத்து, பத்து எண்ணி, போட்டுப் பார்த்தேன். ஆன் ஆனது. ஐந்து தடவை பார்த்தேன், ஐந்து தடவையும் ஆனது. அடுத்த வாரம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. வந்தபிறகு சர்வர் எழவே இல்லை. மறுபடி மானிட்டரைத் தூக்கினேன். பயாஸ் தேதி 2011 என்று காட்டி, எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றது. நான் போட்ட செட்டிங் எதுவுமே இல்லை.

போர்டில் இருந்த காயின் பேட்டரி செத்திருக்கிறது. மல்டிமீட்டரில் வைத்தால் 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.1. பத்து வினாடி கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் கபாசிட்டரில் மிச்சமிருப்பதை வைத்து போர்டு நினைவை ஓட்டிவிடும். எட்டு மணி நேரம் போனால் பேட்டரியை விட்டால் வேறு கதி இல்லை. என் பரிசோதனை ஐந்து தடவையும் தேறியது அதனால்தான். சிஆர்2032, 30 ரூபாய். மாற்றி, செட்டிங்கை மறுபடி போட்டு, கீபோர்ட் இல்லையென்றாலும் நிற்காதே என்பதையும் போட்டு, இந்த முறை பிளக்கைப் பிடுங்கி ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் செருகினேன். எழுந்தது. பழைய கம்ப்யூட்டரை எடுக்கிறவர்கள் எதையும் தொடும் முன் இந்தப் பேட்டரியை மாற்றிவிட வேண்டும்.

யுபிஎஸ் வீட்டில் இருந்தது, 600 விஏ. பேட்டரி மட்டும் 950-க்கு மாற்றினேன். சர்வரை 50 நிமிடம் தாங்குகிறது. ஆனால் கரண்ட் போனதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல அதில் யுஎஸ்பி வசதி கிடையாது. அதற்கு ஒரு வழி செய்தேன். ரவுட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவில்லை. சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். பத்து நிமிடம் பதில் இல்லையென்றால் ஒழுங்காக ஷட் டவுன் ஆகிவிடும். நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் சர்வரோடு யுபிஎஸ்ஸில் இருக்கிறது.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. சர்வர் அணைந்தபிறகு யுபிஎஸ்ஸில் அந்தச் சின்ன ஸ்விட்ச்சைத் தவிர லோடே இல்லை, அது மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கரண்ட் வந்தது சர்வருக்குத் தெரியவே தெரியாது, அதன் கணக்கில் கரண்ட் போகவே இல்லை. அதனால் எழாது. பயாஸில் தினமும் ஒரு நேரத்துக்கு எழுப்பும் அலாரம் இருக்கிறது, காலை 5:30 என்று போட்டேன். அப்பா ஆறுக்கு உட்காருவார். மறுநாள் பார்த்தால் பதினொரு மணிக்கு எழுந்தது. டெபியன் போர்டின் கடிகாரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம். அதன் 5:30 என்பது நமக்கு 11:00. 00:00 என்று மாற்றினேன். இப்போது சரியாகக் காலை ஐந்தரைக்கு மாடியில் 'பீப்' கேட்கிறது. ராத்திரி 2 மணிக் காப்பி விட்டுப்போயிருந்தால் எழுந்த கையோடு அதையும் போட்டுவிடும்படி டைமரில் வைத்திருக்கிறேன். நேற்று நடந்தது இதுதான்.

சித்திரை வெயிலில் மாடி ரூமில் டிஸ்க் சூடு 51 டிகிரி போனது. முன்பக்கம் 120 எம்எம் ஃபேன் ஒன்று போட்டு 42-க்கு வந்தது. மின்சாரத்தைப் பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்து அளந்தேன். சும்மா இருக்கும்போது 41 வாட், அதாவது நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். நாங்கள் 470 பக்கம் இருப்பவர்கள், 500 தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும். இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க் சுற்றாமல் நிற்கும்படி வைத்தேன், 31-க்கு இறங்கியது. அப்படியும் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். மாடியில் தேவையில்லாமல் எரிந்த இரண்டு டியூப் லைட்டை எல்இடியாக மாற்றிச் சரிக்கட்டியிருக்கிறோம்.

மொத்தச் செலவு: டிஸ்க் இரண்டும் 18,800, எஸ்எஸ்டி 1,150, ஸ்விட்ச் 1,250, யுபிஎஸ் பேட்டரி 950, கேட்6 கேபிள் 360, ஃபேன் 350, சாட்டா கேபிள் இரண்டு 160, பேஸ்ட் 150, காயின் பேட்டரி 30. ஆக 23,200. மறுபடி செய்தால் எஸ்எம்பிஎஸ்ஸையும் முதலிலேயே மாற்றிவிடுவேன். பதின்மூன்று வயதுக்கு மேல் ஆன அதை நம்பி இரண்டு புது டிஸ்க்கை மாட்டியிருப்பது உறுத்துகிறது. அடுத்த சம்பளத்தில் அது.

மூன்றாவது காப்பி ஒன்று தங்கச்சி வீட்டில், கோவில்பட்டியில். பிழைத்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை அம்மா பஸ்ஸில் போகும்போது கொடுத்தனுப்புகிறோம். திரும்பும்போது வந்துவிடும், நான் புதுசை ஏற்றி மறுபடி அனுப்புவேன்.

சிடிகள் இன்னும் பாக்கி. மூன்று அட்டைப்பெட்டி. சிலவற்றில் மேல்பூச்சு உரிகிறது, தள்ளிப்போட முடியாது. அப்பா நேற்றே ஒரு பெட்டியைப் பிரித்து வரிசைப்படுத்தி மேஜையில் வைத்துவிட்டார். மேலே இருப்பதில் மார்க்கரால் 'ஆடி 18 ஆல்பம் 2006' என்று எழுதியிருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.